வயலின் பாடுவது எப்படி? சர் சி வி ராமனும் உராய்வின் இரண்டு முகங்களும்

தெம்பனிஸில் உங்கள் கழக வீட்டுக்குப் புது மெத்தை வரப் போகிறது. இடம் வேண்டும். பழைய மர அலமாரியைச் சுவரோரம் தள்ளச் சொல்கிறார் அம்மா.

தள்ளுகிறீர்கள். நகரவில்லை.

இன்னும் கொஞ்சம் பலமாக... ம்ஹூம்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தள்ளு. 'டக்' என்று அலமாரி நகர்ந்துவிட்டது. அதன்பிறகு பாருங்க, அவ்வளவு பலம் தேவையே இல்லை. வழுக்கிக்கொண்டு போகிறது.

ஏன் அப்படி?

இந்தக் கேள்விக்குள் ஓர் இசைக் கருவி ஒளிந்திருக்கிறது. நில நடுக்கம் ஒளிந்திருக்கிறது. நோபெல் பரிசு பெற்ற ஒரு தமிழரின் வாழ்க்கையில் பலரும் கவனிக்காத ஒரு பக்கமும் ஒளிந்திருக்கிறது.

அவர் சர் சி வி ராமன். ஒளியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1930-இல் நோபெல் பரிசு பெற்றவர் என்று நமக்குத் தெரியும். அதற்கு முன்னால் பல ஆண்டுகள் அவர் வயலினைக் குடைந்துகொண்டிருந்தார் என்பது உங்களுக்குத் தெரியுமா?

முதலில் அலமாரியைக் கவனிப்போம்

இரண்டு பொருள்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும்போது, அவை நகர்வதை எதிர்க்கும் விசைதான் உராய்வு.

அதில் இரண்டு வகை.

பொருள் நகராமல் இருக்கும்போது செயல்படுவது ஓய்வுநிலை உராய்வு. பள்ளியில் நீங்கள் 'ஸ்டாடிக் ஃபிரிக்‌ஷன்' என்று படித்திருப்பீர்கள்.

பொருள் வழுக்கிக்கொண்டு நகரும்போது செயல்படுவது இயக்க உராய்வு. அதாவது 'கைனெட்டிக் ஃபிரிக்‌ஷன்'.

அலமாரியின் எடை 40 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். தரை அதை ஏறக்குறைய 400 நியூட்டன் விசையுடன் தாங்குகிறது. மரத்தின்மீது மரம் என்றால் ஓய்வுநிலை உராய்வுக் குணகம் சுமார் 0.5 என்றும் இயக்க உராய்வுக் குணகம் சுமார் 0.3 என்றும் பாடநூல்கள் சொல்கின்றன.

அப்படியென்றால் அலமாரியை அசைக்க 200 நியூட்டன் தேவை. அசைந்தபிறகு தொடர்ந்து நகர்த்த 120 நியூட்டன் போதும்.

ஒன்றைக் கவனியுங்கள். பலர் குழம்பும் இடம் இது. ஓய்வுநிலை உராய்வு எப்போதுமே 200 நியூட்டன் அல்ல. நீங்கள் 50 நியூட்டன் விசையில் தள்ளினால் அதுவும் 50-தான். 150 என்றால் அதுவும் 150. நீங்கள் கொடுப்பதைத் திருப்பிக் கொடுக்கும். அதனால் தாங்க முடிந்த உச்ச வரம்புதான் 200. அதைத் தாண்டியதும் பிடி விட்டுப்போகிறது.

பிடி விட்ட மறுகணமே எதிர்ப்பு 120-க்கு இறங்கிவிடுகிறது. நீங்கள் இன்னும் 200-இல் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் அலமாரி திடீரென்று பாய்கிறது. சில வேளைகளில் நாமும் அதன்மேல் விழுகிறோம்!

இந்த வேறுபாட்டை முறையாக அளந்து பார்த்தவர் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் கூலோம். எளிய இயந்திரங்கள் குறித்த அவருடைய ஆய்வு 1781-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்றது. மரத்தின்மீது மரத்தைச் சற்று நேரம் ஓய்வில் வைத்தால், அதை அசைக்கத் தேவைப்படும் விசை கூடுகிறது என்பதையும் அவர் கண்டார்.

சரி, 200-க்கும் 120-க்கும் இடையிலான அந்த இடைவெளி... அதுதான் வயலினின் உயிர்.

வயலின் ஒலித்த வீடு

1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி. திருச்சிராப்பள்ளியில் பிறந்தார் ராமன். தந்தை சந்திரசேகர ஐயர் ஆசிரியர். தாயார் பார்வதி அம்மாள். ராமனுக்கு நான்கு வயதானபோது, தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. கணிதமும் இயற்பியலும் கற்றுக்கொடுத்தார்.

தந்தைக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. வயலின் வாசிப்பார். வீட்டில் அறிவியல் புத்தகங்களும் இருந்தன, இசையும் இருந்தது. பையன் இரண்டையும் கேட்டு வளர்ந்தான்.

சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தபோது ராமன் சின்னப் பையன். 1904-இல் இளநிலைப் பட்டத்தை முதலிடத்தில் பெற்றபோது அவருக்கு வயது 15. 18 வயதில் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை லண்டனில் வெளிவந்த ஓர் அறிவியல் சஞ்சிகையில் அச்சானது.

அந்தக் காலகட்டத்தில் அவர் படித்த ஒரு புத்தகம் மனத்தில் பதிந்தது. ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசை ஒலிகளைப் பற்றி 1863-இல் வெளியிட்ட நூல் அது.

பட்டம் வாங்கியாயிற்று. அடுத்து என்ன? இங்கிலாந்துக்குப் போய்ப் படிக்க உடல்நிலை இடம்கொடுக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இந்தியாவிலோ அறிவியல் ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க வழி இல்லை.

ராமன் அரசாங்க நிதித்துறைத் தேர்வை எழுதினார். அதிலும் முதலிடம். 1907-இல் லோகசுந்தரி அம்மாளைத் திருமணம் செய்துகொண்டார். அவர் வீணை வாசிப்பவர். அதே ஆண்டு இருவரும் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். ராமன் அங்கு துணைத் தலைமைக் கணக்காயர். வயது 18.

நல்ல சம்பளம், நிலையான வேலை, மரியாதை. பெற்றோருக்கு வேறென்ன வேண்டும்?

பகலில் கணக்கு, இரவில் வயலின்

கல்கத்தாவில் ஒரு நாள் டிராம் வண்டியில் போய்க்கொண்டிருந்த ராமனின் கண்ணில் ஒரு பெயர்ப் பலகை பட்டது. பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ப்புச் சங்கம். மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் தொடங்கியது. கட்டடம் இருந்தது, கருவிகள் இருந்தன. ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை.

அன்றிலிருந்து ராமனுக்கு இரட்டை வாழ்க்கை. விடியற்காலையில் ஆய்வுக்கூடம். பிறகு குளித்துச் சாப்பிட்டு அலுவலகம். மாலையில் நேராக மறுபடியும் ஆய்வுக்கூடம். இரவு வெகுநேரம் கழித்துத்தான் வீடு. இடையில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றினார்கள். அங்கும் விடவில்லை. 1911-இல் கல்கத்தாவுக்குத் திரும்பி வந்து தொடர்ந்தார்.

அங்கு அவருக்கு உதவியாளர் ஆஷுதோஷ் டே. பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர், ஆனால் கருவிகளைக் கையாள்வதில் கெட்டிக்காரர்.

கையில் பெரிய பணம் இல்லாத ஆய்வுக்கூடம் அது. ஆனால் ஒரு தந்தியை இழுத்துக் கட்டி, அதன் அசைவை ஒளிப்படமாகப் பதிவுசெய்ய அதிகச் செலவு ஆகாது. ராமன் அதில் இறங்கினார்.

வில் தந்தியை என்ன செய்கிறது?

வீணையின் தந்தியை மீட்டுகிறோம். ஒலி எழுந்து மெல்ல அடங்கிவிடுகிறது. வயலின் அப்படி இல்லை. வில் போய்க்கொண்டே இருக்கும்வரை ஒலியும் நீள்கிறது. ஒரே திசையில் சீராகப் போகும் வில், தந்தியை எப்படி முன்னும் பின்னும் அதிர வைக்கிறது?

பதில்: ஒட்டு, வழுக்கு. ஒட்டு, வழுக்கு.

வில்லின் முடிகளில் ரோசின் என்ற பிசினைத் தேய்த்திருப்பார்கள். அது தந்தியைப் பிடித்துக்கொள்கிறது. வில் நகர, தந்தியும் கூடவே போகிறது. இரண்டுக்கும் இடையே வழுக்கல் இல்லை. அப்போது செயல்படுவது ஓய்வுநிலை உராய்வு.

தந்தியின் இழுவிசை அதைத் திரும்ப இழுக்கிறது. ஒரு கட்டத்தில் பிடி விட்டுப்போகிறது. தந்தி வில்லுக்கு அடியில் எதிர்த்திசையில் சறுக்கித் திரும்புகிறது. இப்போது இருப்பது அதைவிடக் குறைவான இயக்க உராய்வு. அதனால் தந்தியால் வேகமாகத் திரும்ப முடிகிறது. பிறகு மறுபடி பிடி.

440 ஹெர்ட்ஸ் சுருதியில் இது வினாடிக்கு 440 முறை நடக்கிறது!

தந்தியில் ஒரு சிறு முனைப்பு உருவாகி, இரண்டு முனைகளுக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கும் என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஏற்கெனவே கண்டிருந்தார். அந்த முனைப்பு வில்லைக் கடக்கும் கணத்தில்தான் பிடி விடுகிறது. அதனால்தான் வில்லை வேகமாக இழுத்தாலும் மெதுவாக இழுத்தாலும் சுருதி மாறுவதில்லை. அதைத் தீர்மானிப்பது தந்தி.

தந்தியின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு தள்ளி வில்லை வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒன்பது பங்கு நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். மிச்சம் ஒரு பங்கு நேரத்தில் வழுக்கித் திரும்பும்.

ராமன் அங்கிருந்து மேலே போனார். ஒரு சுற்றில் ஒரு தடவை வழுக்கினால் என்ன வடிவம், இரண்டு தடவை வழுக்கினால் என்ன வடிவம் என்று தந்தியின் அசைவுகளை வகைப்படுத்தினார். கணக்கில் வந்ததை ஒளிப்படத்தில் சரிபார்த்தார். 1918-இல் அது ஒரு பெரிய ஆய்வுரையாக வெளியானது.

ராமனின் வயலின் இயந்திரம்

ஒரு பிரச்சினை இருந்தது. மனிதனின் கை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வில்லை இழுக்காது. வேகம் மாறும், அழுத்தம் மாறும். பிறகு எப்படி அளப்பது?

ராமன் ஓர் இயந்திரத்தைச் செய்தார். அதில் வேடிக்கை என்ன தெரியுமா? வில் அதே இடத்தில் இருக்கும். வயலின்தான் முன்னும் பின்னும் நகரும்! வேகத்தையும் வில்லின் அழுத்தத்தையும் வேண்டியபடி கூட்டலாம், குறைக்கலாம்.

அதைக்கொண்டு அவர் தேடியது ஒரே கேள்விக்கான விடை. நல்ல நாதம் வரக் குறைந்தபட்சம் எவ்வளவு அழுத்த வேண்டும்?

வில்லை அளவுக்கு மீறி மெதுவாக வைத்தால், ஓய்வுநிலை உராய்வால் தந்தியைப் போதிய நேரம் பிடித்திருக்க முடியாது. வழுக்கக் கூடாத நேரத்தில் வழுக்கிவிடும். ஒலி மெலிந்து சீறும். புதிதாக வயலின் கற்றுக்கொள்ளும் தங்கச்சியோ தம்பியோ வீட்டில் இருந்தால் உங்களுக்கு இந்த ஒலி நன்றாகத் தெரிந்திருக்கும்!

1920-இல் வெளியிட்ட முடிவுகளில் ராமன் காட்டியவை:

- வில்லை பிரிட்ஜுக்கு அருகே கொண்டுபோகப் போக, தேவையான அழுத்தம் வேகமாகக் கூடுகிறது. தூரம் பாதியானால் அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்கு வேண்டும்.

- வில்லின் வேகத்தைக் கூட்டினால் அழுத்தத்தையும் கூட்ட வேண்டும்.

- வயலினின் மர உடல் எந்தச் சுருதியில் மிக அதிகமாக அதிர்கிறதோ, அங்கு தேவையான அழுத்தமும் உயர்கிறது.

மூன்றாவது முடிவு ஒரு பழைய புதிருக்கும் உதவியது. செல்லோ போன்ற கருவிகளில் ஒரு குறிப்பிட்ட சுருதி மட்டும் உறுமும். இசைக் கலைஞர்கள் அதை 'ஓநாய்ச் சுரம்' என்பார்கள். அந்த இடத்தில் கருவியின் உடல் தந்தியின் சக்தியை அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. வில்லின் பிடி போதாமல் தடுமாறுகிறது. ஒலி உடைகிறது.

இரண்டு உராய்வுகளும் ஒன்றாகவே இருந்திருந்தால்? தந்தி ஒட்டி விட்டு ஒட்டும் இந்தச் சுழற்சி நிலைக்காது. வயலின் வாசிப்பு இப்போது நாம் கேட்பதுபோல் இருக்காது.

பாதிச் சம்பளத்துக்கு ஒரு வேலை

நடுவில் ஒரு முக்கியமான முடிவு.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலுக்குப் புதிதாகப் 'பாலித் பேராசிரியர்' பதவியை உருவாக்கினார்கள். துணைவேந்தராக இருந்த ஆஷுதோஷ் முகர்ஜி ராமனை அழைத்தார். சம்பளமோ அவர் நிதித்துறையில் வாங்கியதில் ஏறக்குறைய பாதி.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? பத்து ஆண்டு அனுபவம், பதவி உயர்வு, ஓய்வூதியம்... எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தந்தியின் அசைவை ஆராயப் போவீர்களா?

ராமன் போனார். ஆண்டு 1917.

அதன்பிறகு வயலினோடு நிற்கவில்லை. மிருதங்கமும் தபேலாவும் மற்ற முரசுகளைப்போல் இல்லாமல் ஏன் சுருதி சேர்ந்து ஒலிக்கின்றன என்று ஆராய்ந்தார். தோலின் நடுவே பூசும் கறுப்புச் சாந்துதான் காரணம் என்று காட்டினார். வீணையும் தம்பூராவும் அவருடைய மேசைக்கு வந்தன.

1921-இல் கப்பலில் இங்கிலாந்துக்குப் போய்வந்தபோது மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஈர்த்தது. ஒலி அலைகளைப் பல ஆண்டுகள் துருவியவர் ஒளி அலைகளின்பக்கம் திரும்பினார். 1928 பிப்ரவரி 28ஆம் தேதி, கே எஸ் கிருஷ்ணனும் உடன் இருந்த ஆய்வில், ராமன் விளைவு உறுதியானது. இரண்டே ஆண்டில் நோபெல். இந்தியா அந்தத் தேதியைத்தான் இன்று தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறது.

பெரிய மனிதர்களிடமும் குறை இருக்கும். 1933-இல் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார் ராமன். அந்த ஆண்டு கமலா பாக்வத் என்ற மாணவி அங்கு சேர விண்ணப்பித்தார். அவர் பெண் என்பதால் ராமன் தயங்கினார். கமலா விடவில்லை. ஓராண்டு சோதனை முறையில் பார்க்கலாம் என்ற நிபந்தனையோடு இடம் கிடைத்தது. தம் திறமையால் அவர் அதைத் தாண்டினார். பின்னர் கமலா சோஹோனி என்ற பெயரில் புகழ்பெற்ற உயிர்வேதியியலாளர் ஆனார். கண் முன்னால் இருக்கும் தந்தியை அவ்வளவு கூர்மையாகப் பார்த்தவருக்கு, வாசலில் நின்ற மாணவியைச் சரியாகப் பார்க்க நேரம் பிடித்தது. அதையும் சேர்த்துத்தான் அவருடைய வாழ்க்கை.

இசை தவிர வேறு எங்கே?

ஒட்டி விடும் இந்த இயக்கம் உங்களைச் சுற்றி எங்கும் இருக்கிறது. எண்ணெய் இல்லாத கதவின் 'கிரீச்'. கூர்மையான வளைவில் திரும்பும் ரயில் சக்கரத்தின் 'கீச்'. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்கிறோமே, அதுவும் இதுதான். ஒவ்வோர் அடியும் ஒரு கணம் மட்டும் உச்ச வரம்பைத் தாண்டுகிறது. அம்மி சற்று நகர்ந்து மறுபடி ஒட்டிக்கொள்கிறது.

சாலையில் இது உயிர் சம்பந்தப்பட்டது. கார்ச் சக்கரம் ஒழுங்காக உருளும்போது, சாலையைத் தொடும் டயரின் பகுதி வழுக்குவதில்லை. அது ஓய்வுநிலை உராய்வு. பிரேக்கை அழுத்திச் சக்கரம் பூட்டிக்கொண்டால் டயர் சறுக்குகிறது. அது இயக்க உராய்வு.

ஈரமான கான்கிரீட்டில் ரப்பருக்குப் பாடநூல்கள் தரும் குணகங்கள் சுமார் 0.7, 0.5. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், பிரேக் பிடித்த இடத்திலிருந்து நிற்க, முதல் கணக்கில் சுமார் 45 மீட்டர். இரண்டாவது கணக்கில் 62 மீட்டருக்கும் மேல். ஒரு பேருந்தின் நீளத்தைவிட அதிகமான வித்தியாசம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் எதற்கு என்று இப்போது புரிகிறதா? அடுத்த முறை மழையில் தெம்பனிஸ் விரைவுச்சாலையில் போகும்போது, முன்னால் போகும் வாகனத்திலிருந்து எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள்.

இதைவிடப் பெரிய அளவிலும் இது நடக்கிறது. சுமத்ராவுக்கு அருகே பூமியின் இரண்டு தட்டுகள் ஒன்றை ஒன்று தள்ளுகின்றன. உராய்வு அவற்றைப் பல ஆண்டுகள் பிடித்துவைத்திருக்கிறது. விசை சேர்ந்துகொண்டே போகிறது. பிடி விடும் கணம்தான் நில நடுக்கம். 2004 டிசம்பர் 26ஆம் தேதி அப்படி விட்ட பிடி 9.1 அளவு நிலநடுக்கமாகி, கடல்கோளாக எழுந்து ஆச்சே, இலங்கை, நாகப்பட்டினம் என்று கரைகளைத் தாக்கியது. சுமத்ராவில் நிலம் குலுங்கும்போது சிங்கப்பூரின் உயரமான புளோக்குகளில் இருப்போர் சில வேளைகளில் ஆட்டத்தை உணர்வதும் அதனால்தான்.

வில்லும் தந்தியும் வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை செய்வதைப் பூமி பல நூறு ஆண்டுகளுக்கு ஒரு முறை செய்கிறது.

ராமன் 1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி பெங்களூரில் காலமானார். 1948-இல் அவரே உருவாக்கிய ராமன் ஆராய்ச்சிக் கழகத்தின் தோட்டத்தில், அவர் விரும்பியபடி சடங்குகள் இல்லாமல் தகனம் நடந்தது. அங்கு ஒரு மரம் நட்டார்கள்.

அவர் 1918-இல் தொடங்கிவைத்த குறைந்தபட்ச அழுத்தக் கணக்கை ஆய்வாளர்கள் இன்றும் மேம்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். வழுக்கும்போது ரோசின் சூடாகி இளகுவதும் அதன் உராய்வை மாற்றுகிறது என்று பின்னர் வந்தவர்கள் கண்டார்கள். இன்னும் முழுமையாகத் தீராத கணக்கு அது.

இயற்பியல் பிடிக்கும், வயலினும் பிடிக்கும், எதைத் தேர்ந்தெடுப்பது என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தால்... இரண்டையும் ஒரே மேசையில் வைத்தவர் ஒருவர் இருந்தார்.